வேலை ஊருக்கு வரும்போது உரிமையும் கூட வருமா? நாலந்தாவை முன்வைத்து நெகிழ்வுப் பணி குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுக் கேள்வி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே நாலந்தா இருக்கிறது. நாவுல பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்த இந்த ஊரைத் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் கெடிகே என்னும் கற்றளியால் அறிவர். பல்லவக் கட்டடக்கலையின் சாயலில் எழுந்த பௌத்த ஆலயம் அது. மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்ததால் கல் கல்லாகப் பிரித்து மேட்டுக்கு மாற்றினார்கள். 1980 அளவில் மீண்டும் கட்டி முடித்தார்கள்.

இலங்கைத் தீவின் நடுப்பகுதி இது. வடக்கே போகும் நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுச் செல்கிறது. வறண்ட வலயத்துக்கான மகாவலி நீர் அருகில்தான் திசைமாறுகிறது. போவதென்னவில் மின்சாரமும் உற்பத்தியாகிறது. ஆனால் மாதச் சம்பளத்துடன் அலுவலக வேலை வேண்டுமானால் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும். 1880இல் மாத்தளைக்கு வந்த ரயில் பாதை அதற்கு வடக்கே நீளவில்லை. மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ கண்டிக்கோ பஸ்ஸில் தினமும் போய்வரலாம். கொழும்பில் வேலை கிடைத்தால் அங்கே அறை எடுத்துத் தங்குவதைத் தவிர வழியில்லை.

வேலை செய்யும் இடத்தையும் நேரத்தையும் ஊழியரின் தேவைக்கு ஏற்ப வகுத்துக்கொள்ளும் நெகிழ்வுப் பணி, இத்தகைய ஊருக்கு என்ன தரும்? எந்த நிபந்தனைகளில் அது ஊழியருக்கு நன்மையாகிறது? எப்போது முதலாளியின் செலவையும் இடரையும் ஊழியரின் தலையில் இறக்கிவைக்கும் வழியாகிறது? இக்கட்டுரை ஆராயும் கேள்விகள் இவை. இடமும் நேரமும் நெகிழலாம், ஊழியர் என்ற சட்டத் தகுதி நெகிழக்கூடாது என்பதே கட்டுரையின் வாதம். கிராமப்புறத்தைப் பொறுத்தவரை வீட்டுக்குள் வரும் வேலையைவிட வீட்டுக்கு அருகில் வரும் வேலையே உகந்தது என்பது அதன் தொடர்ச்சி.

2. இதுவரையான புரிதல்

நெகிழ்வுப் பணி என்ற ஒரே பெயரின் கீழ் பல ஏற்பாடுகள் கலந்து பேசப்படுகின்றன. வேலை நேரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மாற்றிக்கொள்வது ஒன்று. அலுவலகத்துக்கு வெளியே இருந்து பணியாற்றும் தொலைப்பணி இன்னொன்று. வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்னும் கலப்பு முறை மூன்றாவது. குறைந்த நேரப் பணி நான்காவது. இவற்றின் விளைவுகள் ஒன்றுபோல இருப்பதில்லை.

தொலைப்பணி குறித்து அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, ஷாங்காயின் சீட்ரிப் பயண நிறுவனத்தில் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் 2010–2011இல் நடத்தியது. அழைப்பு மையப் பணியாளர்களில் விருப்பம் தெரிவித்தோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தார்கள். அவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டு விலகுவோரின் தொகை பாதியாகக் குறைந்தது. முதலாளிகள் மேற்கோள் காட்டுவது இந்தப் பகுதியைத்தான்.

அதே ஆய்வில் வேறு மூன்று செய்திகளும் உள்ளன. வேலைத்திறனைக் கணக்கிலெடுத்துப் பார்த்தால், வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்புக் குறைந்தது. சோதனை முடிந்து விருப்பம் கேட்கப்பட்டபோது, ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்துக்குத் திரும்பவே விரும்பினார்கள். தனிமை அதற்கு முக்கிய காரணம். மூன்றாவது, சோதனையில் சேரத் தகுதியாக வீட்டில் தனி அறையும் அகலப்பட்டை இணைய இணைப்பும் கேட்கப்பட்டன. 13 சதவீத உயர்வு தனி அறை உள்ளவர்களிடம் கண்டது. அதை எல்லா வீடுகளுக்கும் பொருத்த முடியாது.

அதே நிறுவனத்தில் கலப்பு முறை பற்றி நடத்தப்பட்டு 2024இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பணியாற்றியோரிடையே விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததையும், வேலை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் அவர்கள் பின்தங்கவில்லை என்பதையும் காட்டியது. ஊழியரை அலுவலகத்திலிருந்து முழுவதும் பிரிக்காத ஏற்பாடே நிலைத்திருக்கிறது என்று இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்கும்போது தோன்றுகிறது.

இன்னொரு கேள்வி, எத்தனை வேலைகளை இப்படிச் செய்ய முடியும் என்பது. ஜொனதன் டிங்கலும் பிரென்ட் நைமனும் 2020இல் செய்த மதிப்பீட்டின்படி அமெரிக்க வேலைகளில் 37 சதவீதத்தை முழுமையாக வீட்டிலிருந்து செய்யலாம். வருமானம் குறைந்த நாடுகளில் இந்தப் பங்கு இன்னும் குறைவு. ஆகவே தொலைப்பணியைப் பற்றி மட்டும் பேசினால், உழைப்போரில் சிறுபான்மையினரைப் பற்றித்தான் பேசியவர்களாவோம்.

3. இலங்கையின் அனுபவம்: நெருக்கடியின் குழந்தை

இலங்கையில் நெகிழ்வுப் பணி ஊழியரின் வாழ்வை எண்ணி வகுக்கப்பட்டதைவிட, நெருக்கடிகளைச் சமாளிக்கக் கைக்கொள்ளப்பட்டதே அதிகம். 2017 செப்டெம்பரில் பத்தரமுல்லையில் தொடங்கிய நெகிழ்வு நேர முன்னோடித் திட்டத்தின் நோக்கம் கொழும்பை நோக்கிய வாகன நெரிசலைக் குறைப்பது. 2020 மார்ச் 20 முதல் 27 வரையான வாரத்தை வீட்டிலிருந்து பணியாற்றும் வாரமாக அரசாங்கம் அறிவித்தபோது காரணம் கொரோனாத் தொற்று. மார்ச் 20 மாலையே ஊரடங்குச் சட்டமும் அமுலுக்கு வந்தது. 2022 ஜூனில் அத்தியாவசியமற்ற அரச ஊழியர்களை இரண்டு வாரம் வீட்டிலிருந்து வேலை செய்யுமாறு பணித்தபோது காரணம் எரிபொருள் தட்டுப்பாடு. அதே மாதம், வீட்டுத் தோட்டம் செய்வதற்காக மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இந்த மூன்று தருணங்களிலும் தீர்க்கப்பட வேண்டிய பிரச்சினை சாலையிலோ மருத்துவமனையிலோ எரிபொருள் நிலையத்திலோ இருந்தது. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான கணினி யாருடையது, இணையக் கட்டணம் யார் கணக்கில், வேலை நேரம் எப்போது முடிகிறது என்ற கேள்விகளுக்கு நிலையான விடை காணப்படவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தது. அலுவலகத்தில் மின்பிறப்பாக்கி இயங்கும்; வீட்டிலிருந்தவர் தன் வேலையை மின்வெட்டு அட்டவணைக்கு ஏற்ப நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நகர்த்திக்கொண்டார். பயணம் மிச்சமானது உண்மைதான். ஆனால் மின்சாரமில்லாத நேரத்தின் சுமை முழுவதும் அவர்மீதே விழுந்தது.

பெருந்தொற்றுக் காலம் ஊழியர்களை இரண்டு வகுப்பாகவும் பிரித்தது. கணினி முன் வேலை செய்தவர்களின் சம்பளம் பெரும்பாலும் தொடர்ந்தது. வேலைக்கு அழைக்கப்படாத தனியார்துறைத் தொழிலாளருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதை வழங்க 2020 மே மாதத்தில் அரசும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலிருந்து பெரும் தொற்றுக்கொத்து எழுந்தது. தையல் இயந்திரத்தின் முன் நின்றவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் வழியே இருக்கவில்லை.

4. ஊரைத் தேடி வந்த வேலைகள்

வேலையை ஊருக்குக் கொண்டுசெல்லும் முயற்சி இணையத்துக்கு முன்பே தொடங்கியது. ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில் 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம், சுதந்திர வர்த்தக வலயங்களில் குவிந்திருந்த வேலையைப் பிரதேச செயலகப் பிரிவுகள்வரை பரப்ப முயன்றது. கட்டுநாயக்கவில் விடுதி அறையில் வாழ்வதற்குப் பதிலாக வீட்டில் உறங்கி வேலைக்குப் போகும் வாய்ப்பை அது ஊர்ப்பெண்களுக்குத் தந்தது. அங்கே வேலை ஊருக்கு வந்தபோது தொழிற்சாலையும் வந்தது. அதனோடு தொழில் பரிசோதகர் வந்து பார்க்கக்கூடிய ஒரு வாசலும் வந்தது.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தகவல், தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகம், 2005 முதல் நெனசல நிலையங்களைக் கிராமங்களில் திறந்தது. விகாரைகளிலும் நூலகங்களிலும் சமூக நிலையங்களிலும் கணினியும் இணையமும் வந்தன. 2014இல் இத்திட்டத்துக்கு பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் விருது கிடைத்தது. கற்பதற்கான இடமாக நெனசல வெற்றி கண்டது. சம்பளம் தரும் வேலைக்கான இடமாக அதை வளர்க்கும் இலக்கு அதன் மையத்தில் இருக்கவில்லை.

அந்த அடுத்த படியை அனுராதபுரம் மாவட்டத்தின் மகாவிலச்சியில் காணலாம். வில்பத்துக் காட்டோரம் உள்ள இந்த விவசாயக் கிராமத்தில், ஓர் ஆங்கில ஆசிரியரின் முயற்சியால் கணினிக் கல்வி வளர்ந்திருந்தது. ஜோன் கீல்ஸ் குழுமத்தின் உதவியுடன், 2000களின் பிற்பகுதியில் அங்கே ஒரு கிராம அலுவலகம் உருவானது. கொழும்பின் கணக்கியல் வேலையில் தரவுப் பதிவு போன்ற பகுதிகள் ஊருக்கு அனுப்பப்பட்டன. பின்னர் தெற்கே சீனிகமவிலும் இம்மாதிரி பின்பற்றப்பட்டது. இளைஞர்கள் வீடுகளில் தனித்தனியாக இருந்து வேலை செய்யவில்லை. ஊரிலேயே ஓர் அலுவலகத்தில் கூடிச் செய்தார்கள். இதுவே இம்மாதிரியின் பலம். அதன் பலவீனமும் தெளிவு: வேலை தரும் வாடிக்கையாளர் ஒருவர் இருவராக இருக்கும்வரை ஊரின் வருமானம் அவர்கள் முடிவைப் பொறுத்தது. தரவுப் பதிவு போன்ற வேலைகளைத்தான் தானியக்கம் முதலில் விழுங்குகிறது.

தமிழ்நாட்டு அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2007 அளவில் உருவான தேசிக்ரூ, கிராமங்களில் சிறு அலுவலகங்களை அமைத்துத் தரவு வேலைகளை நடத்தியது. ஸோஹோ 2011இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தபோது, உதிரி வேலைகளோடு நிற்கவில்லை. அதன் வாடிக்கையாளர் சேவை மென்பொருளான ஸோஹோ டெஸ்க் தென்காசியிலேயே உருவானது. வேலையின் துண்டுகளை ஊருக்கு அனுப்புவதற்கும், ஒரு பொருளை முழுமையாக உருவாக்கும் பொறுப்பை ஊருக்குக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதில் ஊர் மலிவான உழைப்பின் இருப்பிடம். பின்னதில் ஊரிலேயே திறமை சேர்ந்து வளர்கிறது.

5. நெகிழ்வின் மறுமுகம்: தோட்டத்தில் ஒரு பாடம்

நாலந்தாவிலிருந்து தெற்கே மாத்தளை, இரத்தோட்டை, உக்குவளை மலைப்பகுதிகளுக்குச் சென்றால் மலையகத் தமிழர் வாழும் தோட்டங்கள் உள்ளன. நெகிழ்வுப் பணி பற்றிய கட்டுரையில் தோட்டத்தைச் சேர்ப்பது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் இந்த நாட்டில் நெகிழ்வு என்ற பெயரில் நடந்துவரும் மிகப் பெரிய மாற்றங்களில் ஒன்று அங்கேதான் நடக்கிறது.

பெருந்தோட்டக் கம்பனிகள் கடந்த பத்தாண்டில் முன்வைத்துவரும் வெளியார் உற்பத்தி முறையில், தொழிலாளர் குடும்பத்துக்குத் தேயிலைச் செடிகளுள்ள ஒரு துண்டு நிலத்தின் பராமரிப்பு ஒப்படைக்கப்படுகிறது. உரமும் பிற இடுபொருளும் கம்பனி தரும். பறித்த கொழுந்தைக் கம்பனி நிறுத்து வாங்கும். காலை மஸ்டருக்கு (வருகைக் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டியதில்லை, நேரம் உங்களுடையது, வேறு வேலைக்கும் போகலாம் என்பது சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. குறித்த நிறை எடுக்காவிட்டால் அரைப்பேர் (அரைநாள் கூலி) போடப்படும் முறையில் அவமானமும் இழப்பும் கண்ட பெண்ணுக்கு, தன் நேரத்தைத் தானே ஆளும் வாய்ப்பு மதிப்புள்ளது. தோட்டத்தை விட்டு வெளியேறும் இளைய தலைமுறை கேட்பதும் இத்தகைய சுயாதீனத்தைத்தான்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் மழை பொய்த்தால் நட்டம் யாருக்கு? கொழுந்தின் விலை விழுந்தால்? பெருந்தோட்டத் தொழிலாளருக்கு 2021 மார்ச்சில் 1,000 ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் வர்த்தமானி மூலம் உறுதியான குறைந்தபட்ச நாட்சம்பளம், நாட்சம்பளமே இல்லாதவருக்கு எப்படிப் பொருந்தும்? ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்தும் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குச் செலுத்தும் 3 சதவீதமும் தொடருமா? நிலத்தில் உரித்து இல்லை. ஊழியர் என்ற தகுதியும் கரைகிறது. தொழிற்சங்கங்களும் மலையக ஆய்வாளர்களும் எழுப்பும் இக்கேள்விகள் தோட்டத்துக்கு மட்டும் உரியவையல்ல. மடிக்கணினியில் வேலை செய்பவரை ஒப்பந்தச் சேவையாளர் என்று பெயர்மாற்றி, முடித்த துண்டுக்குக் காசு கொடுக்கும் நிறுவனம் செய்வதும் இதையேதான்.

6. சட்டம் எங்கே நிற்கிறது?

அலுவலக ஊழியருக்கான அடிப்படைச் சட்டம் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்ற வரம்பு அதில் உள்ளது. விடுமுறையும் மேலதிக நேரக் கொடுப்பனவும் உண்டு. பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதற்குக் கட்டுப்பாடும் உண்டு. அச்சட்டம் கட்டடத்தை மையமாக வைத்தே சிந்திக்கிறது: கடை, அலுவலகம், அது திறக்கும் நேரம், மூடும் நேரம். வேலைத்தல விபத்துக்கான நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டுக்குரியது. வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் சேர்த்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் அதுவும் வேலைத்தலம் வீட்டுக்கு வெளியே இருப்பதாகவே எண்ணுகிறது. 2023இல் தொழில் அமைச்சு முன்வைத்த ஒருங்கிணைந்த தொழிற்சட்ட யோசனைகளில் நெகிழ்வுப் பணி இடம்பெற்றபோது, 8 மணி நேர நாள் குலைந்துவிடும் என்ற அச்சத்தில் தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. பாதுகாப்பைச் சொல்லாமல் நெகிழ்வை மட்டும் சொன்னால் அந்த அச்சம் நியாயமானது.

வீட்டில் செய்தாலும் ஊழியர் ஊழியரே என்ற கொள்கை தெற்காசியச் சட்டத்துக்குப் புதிதல்ல. வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களையும் ஊழியராக ஏற்றது இந்தியாவின் 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். பீடி நிறுவனங்கள் அதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974இல் சட்டத்தை உறுதிசெய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சில்வர் ஜூபிலி தையலக வழக்கில், துண்டுக் கணக்கில் கூலி பெற்ற தையல்காரர் சிலர் துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று தைத்தாலும் ஊழியர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலை சரியில்லையென்றால் நிராகரித்து மீண்டும் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரரிடம் இருந்ததை நீதிபதிகள் கவனித்தார்கள். வேலை நடக்கும் இடத்தைவிட வேலையை ஆளும் அதிகாரமே உறவைத் தீர்மானிக்கிறது. இணையவழி வேலைக்கும் இந்த அளவுகோல் அப்படியே பொருந்தும்.

சர்வதேச தொழில் அமைப்பின் 1996ஆம் ஆண்டு 177ஆம் இலக்க வீட்டு வேலைச் சமவாயமும் வீட்டிலிருந்து உழைப்பவருக்கும் பிற கூலியுழைப்பாளருக்கும் சமநடத்தை கோருகிறது. இலங்கை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. நாட்டின் சேமலாப நிதிச் சட்டம் துண்டுக் கணக்கில் வேலை செய்பவரையும் தற்காலிக ஊழியரையும் ஏற்கனவே உள்ளடக்குகிறது. ஆகவே அடித்தளம் இல்லாமலில்லை. தொலைப்பணியாளர் அதன்மேல் நிற்கிறார் என்று ஐயமறச் சொல்லும் ஒரு பிரிவுதான் தேவை.

7. நாலந்தாவுக்கு உகந்த ஏற்பாடு

மேலே கண்ட சான்றுகளிலிருந்து சில முடிவுகளை எட்டலாம்.

முதலாவது, வீட்டுக்கு அருகில் ஒரு பொது வேலைத்தலம். இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் உள்ளார். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். பல்கலைக்கழகங்களிலோ பெண்களே பெரும்பான்மையினர். இந்த இடைவெளியை வீட்டிலிருந்து வேலை நிரப்பும் என்று எளிதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வீட்டிலிருக்கும் பெண் வேலையில் இருப்பதாக வீடு ஏற்றுக்கொள்வதில்லை. சமையலும் பிள்ளையும் முதியவரும் அவள் நேரத்தில் பங்கு கேட்கிறார்கள். ஒற்றை அறை கொண்ட தோட்ட லயனில், சீட்ரிப் சோதனை கேட்ட தனி அறை என்ற நிபந்தனையே நடவாத ஒன்று. நாவுலயிலோ நாலந்தாவிலோ, பயன்பாடு குறைந்த ஒரு நெனசல நிலையமோ கூட்டுறவுக் கட்டடமோ நூலகத்தின் மேல்மாடியோ போதும். உறுதியான இணையம், மின்வெட்டுக்கு மாற்று, பிள்ளைப் பராமரிப்பு அறை ஆகிய மூன்றும் அங்கே இருந்தால், பயணமும் குறையும், தனிமையும் குறையும்.

இரண்டாவது, அரசாங்கம் முதல் முதலாளியாக முன்வர வேண்டும். கொழும்பு அமைச்சுகளில் பணியாற்றும் வெளிமாவட்ட ஊழியர்கள் வாரத்தில் இரண்டு நாள் தம் சொந்தப் பிரதேச செயலகத்தில் அமர்ந்து வேலை செய்ய அனுமதிக்கலாம். கட்டடமும் வருகைப் பதிவும் மேலதிகாரியும் அங்கே ஏற்கனவே உள்ளன. நெருக்கடியில் அவசரச் சுற்றறிக்கையாக வந்தது, சாதாரண காலத்தில் நிலையான நடைமுறையாக மாறினால்தான் அதன் குறைநிறைகளை நிதானமாக அளக்க முடியும்.

மூன்றாவது, எழுத்தில் ஓர் உடன்பாடு. வேலை நேரத்தின் தொடக்கமும் முடிவும், கருவிக்கும் இணையத்துக்கும் மின்சாரத்துக்கும் முதலாளியின் பங்கு, வேலை நேரத்துக்குப் பின் அழைப்பை ஏற்காதிருக்கும் உரிமை, வீட்டில் வேலையின்போது நேரும் காயத்துக்கு நட்டஈடு, விரும்பினால் அலுவலகத்துக்குத் திரும்பும் உரிமை ஆகியவை அதில் இருக்க வேண்டும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே நெகிழ்வுப் பணி கேட்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. மறுப்பவர் சட்டம் ஏற்கும் காரணம் காட்ட வேண்டும். இந்தியாவின் 2017 மகப்பேற்று நன்மைத் திருத்தம், பேறுகால விடுமுறைக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்ற இருதரப்பு உடன்பாட்டின்பேரில் இடமளித்தது. 84 நாள் மகப்பேற்று விடுமுறை வழங்கும் இலங்கைச் சட்டத்துடன் இத்தகைய ஒரு கேட்கும் உரிமையை இணைப்பது தகும்.

நான்காவது, மடிக்கணினி இல்லாதவரை மறக்காத நெகிழ்வு. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை சுமப்பவர், பஸ் நடத்துநர், மாத்தளை மருத்துவமனைத் தாதி, தையல் இயந்திரத்தில் இருப்பவர் ஆகியோரின் வேலை வீட்டுக்கு வராது. ஆனால் முறைநேர அட்டவணையை முன்கூட்டியே அறியும் உரிமை, சக ஊழியரோடு முறையை மாற்றிக்கொள்ளும் வசதி, சேமலாப நிதியோடு கூடிய குறைநேர வேலை ஆகியவை அவர்களுக்கும் சாத்தியம். பெரும்பான்மை உழைப்பாளருக்கு நெகிழ்வு என்பது நேரத்தின் மீதான இந்தச் சிறு ஆளுகைதான்.

8. முடிவுரை

தொலைப்பணி நாலந்தாவைத் தானாக மாற்றிவிடாது. சாலையும் நீர்த்தேக்கமும் மின்நிலையமும் பொது முதலீட்டால் இந்த மண்ணுக்கு வந்தன. சம்பள வேலையும் அப்படியொரு பொது முடிவால்தான் வரும். சீட்ரிப் ஆய்வுகள் ஊழியர் விருப்பத்துக்கு மதிப்பளிக்கும் கலப்பு முறையின் பக்கம் சாய்கின்றன. மகாவிலச்சியும் தென்காசியும் ஊரில் கூடிச் செய்யும் வேலையின் வலிமையைக் காட்டுகின்றன. தோட்டத்து அனுபவமோ தகுதியை இழந்து பெறும் சுதந்திரத்தின் விலையைக் கணக்கிட்டுக் காட்டுகிறது.

எனவே எந்த நெகிழ்வு ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: வேலை இடம்மாறிய பின்னும் இந்த ஊழியரின் சேமலாப நிதியும் விடுமுறையும் நட்டஈடும் பதவி உயர்வும் முன்போலவே இருக்கின்றனவா? ஆம் என்றால் அதை அரசும் தொழிற்சங்கமும் முதலாளியும் சேர்ந்து விரிவாக்க வேண்டும். இல்லை என்றால், அது எவ்வளவு வசதியாகத் தோன்றினாலும் எதிர்க்கப்பட வேண்டும். தொழிற்சட்டச் சீர்திருத்தம் அடுத்த முறை மேசைக்கு வரும்போது, தலைநகர் அலுவலகங்களின் குரலோடு நாவுலயிலிருந்தும் இரத்தோட்டைத் தோட்டங்களிலிருந்தும் எழும் குரலும் அந்த மேசையில் கேட்கப்பட வேண்டும்.